அரசாங்கப் படத்தில் நமது முகம்

(மடுல்கெல்லயில் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவோம், காணியுரிமையைப் பற்றிப் பேசுவோம், வத்தேகமவிலிருந்து பன்வில வழியாக இம்மலைக்கு ஏறிவரும் பாதையைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருப்பீர்கள். அவற்றை மறந்துவிட்டு நாம் இங்கு வரவில்லை. ஆனால் அவை யாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். இந்த நாட்டின் அரசாங்கம் ‘நாங்கள்’ என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் நாம் இருக்கின்றோமா? இருந்தால் எந்த உருவில் இருக்கின்றோம்?

அரசாங்கம் ‘நாங்கள்’ என்பதைச் சொல்லால் மட்டும் சொல்வதில்லை, படத்தாலும் சொல்கின்றது. சட்டத்தை வாசிப்பவர் நூற்றுக்கு ஒருவர். படத்தைப் பார்ப்பவரோ எல்லோரும். அன்று அந்தப் படம் கொடியில் இருந்தது, முத்திரையில் இருந்தது, நாணயத்தாளில் இருந்தது. இன்று அது உங்கள் மடியிலுள்ள கைத்தொலைபேசியில், அரசாங்கத் திணைக்களங்களின் இணையத்தளங்களில் இருக்கின்றது. பிறப்புச் சான்றிதழுக்கு வழி தேடும் தாயும், பரீட்சைப் பெறுபேறு பார்க்கும் பிள்ளையும், உர மானிய விபரம் தேடும் கமக்காரரும் அந்தப் பக்கத்தைத் திறக்கின்றனர். தேடிய செய்தி கிடைக்கின்றதோ இல்லையோ, முகப்பிலுள்ள படம் கண்ணில் படாமற் போவதில்லை. அது ஒரு பாடம். வாத்தியார் இல்லாத பாடம். நாள்தோறும் நடக்கும் பாடம்.

கொடியில் தொடங்கிய கதை

இந்தக் கதை இணையத்தோடு தொடங்கியதன்று. 1948 ஆம் ஆண்டு சுதந்திரம் வந்தபோது, எந்தக் கொடியை ஏற்றுவது என்ற கேள்வி எழுந்தது. கண்டியின் கடைசி மன்னனுடைய சிங்கக் கொடியையே ஏற்றினார்கள். 1949 ஆம் ஆண்டு, சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு வெளியிட்ட தபால் முத்திரையிலும் சிங்கக் கொடியே பறந்தது. இதனைப் பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் எழுப்பிய ஆட்சேபத்தின் பின், அமைக்கப்பட்ட குழு சிங்கத்தின் பக்கத்தே இரண்டு கோடுகளைச் சேர்க்கச் சொன்னது. பச்சைக் கோடு முஸ்லிம்களுக்கு. செம்மஞ்சட் கோடு தமிழருக்கு. அக்குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அந்த ஏற்பாட்டுக்கு உடன்படவில்லை. 1951 ஆம் ஆண்டு பாராளுமன்றம் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது.

தோழர்களே, அந்த ஆண்டுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் நாம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. அதன் பின்னர், 1951 ஆம் ஆண்டு, தமிழருக்கென்று கொடியில் ஒரு கோடு கிடைத்தது. கோடு கொடியில் ஏறிய நேரத்தில், இம்மலையிலிருந்த தமிழன் வாக்காளர் இடாப்பிலிருந்து இறக்கப்பட்டிருந்தான். படத்தில் இடம் கிடைப்பதும் உரிமையில் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

அரசாங்கப் படங்கள் எப்போதும் ஒரே திசையில் நகர்ந்தன என்றும் சொல்ல முடியாது. 1954 ஆம் ஆண்டு அரச இலச்சினையில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருந்தது. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு இலச்சினையில் சிங்கம் இருக்கின்றது, தர்மசக்கரம் இருக்கின்றது, நெற்கதிர் இருக்கின்றது, பூரண கலசம் இருக்கின்றது, சூரிய சந்திரர் இருக்கின்றனர், எழுத்து இல்லை. எழுத்தை எடுத்துவிட்டால் மொழிச் சண்டை இல்லை என்று கருதியிருக்கலாம். ஆனால் எஞ்சிய சின்னங்கள் யாருடைய கதையைச் சொல்கின்றன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. இன்று அரசாங்க இணையத்தளங்களின் உச்சியில் அமர்ந்திருப்பது அந்த இலச்சினையே.

1957 ஆம் ஆண்டு மோட்டார் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டதையும் அதனால் எழுந்த கிளர்ச்சியையும் மூத்தோர் அறிவர். ஒரே ஓர் எழுத்து! அதனால் எவருடைய வயலும் பறிபோகவில்லை. எவருடைய சம்பளமும் குறையவில்லை. ஆயினும் நாடே கொதித்தது. ஏன்? அந்த எழுத்து ஒலியாக நிற்கவில்லை, படமாக நின்றது. ‘இந்த வாகனம் யாருடைய நாட்டில் ஓடுகின்றது’ என்பதற்கு அது விடை சொன்னது.

2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின் மத்திய வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபா ஞாபகார்த்தத் தாளில், ஒரு பக்கம் அப்போதைய ஜனாதிபதியின் உருவம். மறுபக்கம் கொடியேற்றும் படைவீரர். அந்தத் தாளைக் கொடுத்து அரிசி வாங்கிய வன்னித் தாயின் மனத்தில் எழுந்த எண்ணத்தை எந்த வங்கி கணக்கிட்டது?

கொழுந்துக் கூடையும் குனிந்த தலையும்

இனி நமது கதைக்கு வருவோம். ‘எங்கள் படம் அரசாங்கத்திடம் இல்லையா?’ என்று எவரேனும் கேட்டால், ‘தாராளமாக இருக்கின்றது’ என்றே விடை சொல்ல வேண்டும். 1991 ஆம் ஆண்டு நாணயத்தாள் தொடரில் நூறு ரூபாத் தாளின் பின்புறத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தனர். உல்லாசப் பயணத்துறையின் விளம்பரத்திலும், தேயிலை பற்றிய பிரசுரத்திலும், அமைச்சுகளின் இணையப் பக்கத்திலும் நாம் காணும் முகம் எது? பச்சைப் படிக்கட்டுப்போல எழும் தேயிலை மலை, நடுவிலே முதுகிற் கூடை சுமந்த ஒரு பெண், முகத்திலே சிரிப்பு. யாருடைய தாய் அவர்? எந்தத் தோட்டம்? பெயர் என்ன? படத்தின் கீழே ஒன்றும் இராது. இருந்தால், ‘தேயிலை பறிப்பவர்’ என்ற ஒரு சொல் இருக்கும். யானைக்கு ‘யானை’ என்று எழுதுவதுபோல!

அந்தப் படம் பொய்யன்று. நமது தாய்மார் கொழுந்து பறிப்பது உண்மை. அதில் நமக்குப் பெருமையும் உண்டு. 1867 ஆம் ஆண்டு இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலையை நாட்டின் செல்வமாக்கியவை நம்மவர் கைகளே. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் நூறாண்டு காலம் காட்டிக்கொண்டிருப்பது உண்மையைக் கொண்டே உண்மையை மறைப்பதாகும். அந்தப் படத்தில் லயக் காம்பரா இல்லை. அட்டை கடித்த கால் இல்லை. தோட்டத்தில் பிறந்து ஆசிரியரானவர் இல்லை, வைத்தியரானவர் இல்லை, சட்டத்தரணியானவர் இல்லை. பிரதேச சபையில் எழுந்து பேசும் பெண் இல்லை. வாக்குச்சாவடியில் விரலில் மை பூசி நிற்கும் கிழவர் இல்லை. தேயிலைச் சபையின் இலச்சினையில் வாளேந்திய சிங்கம் நின்று உலகச் சந்தையில் நமது உழைப்புக்குச் சாட்சி சொல்கின்றது. உழைத்தவர் முகமற்றவராக மலையோடு மலையாக நிற்கின்றார்.

மனிதரை நிலக்காட்சியாக்குவது என்பது இதுதான். நிலக்காட்சிக்கு உரிமை தேவையில்லை. நிலக்காட்சி மனுக் கொடுப்பதில்லை. நிலக்காட்சிக்கு முகவரி வேண்டியதில்லை.

இது வெறும் சொல்லலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். சட்டப் புத்தகத்தையே புரட்டிக் காட்டுகின்றோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரைச் சபைக்கு அனுப்பலாம். அந்தச் சபை அவர்கள் லயத்துக்குப் பாதை போட முடியாது. 2018 ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! அந்த முப்பத்தொரு ஆண்டுகளிலும் கொழுந்துக் கூடைப் பெண் அரசாங்கத்தின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சட்டத்தில் இல்லாதவர் படத்தில் இருந்தார். படத்தில் இருந்ததனாலேயே, சட்டத்தில் இல்லை என்பது பலர் கண்ணுக்குத் தெரியவில்லை.

நமது முன்னோர் கப்பலேறி வந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டே தொழிலாளரை அழைத்து வந்தனர். அரசாங்கம் நமக்குக் கொடுத்த முதல் அடையாளம் அந்தத் தகரம். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தபோதும் நாம் இலக்கமாகவே இருந்தோம். தகரத்தில் இலக்கம், ஒப்பந்தத்தில் இலக்கம், விளம்பரத்தில் கூடை! பெயரோடு கூடிய முகம் எப்போது?

கண்டியின் படமும் கண்டியின் வரலாறும்

கண்டியின் பக்கத்தில் வாழ்பவர் நாம்; கண்டியைப் பற்றியும் ஒரு சொல். கண்டி என்றவுடன் அரசாங்கப் பக்கங்களில் எழுவது தலதா மாளிகையும் எசல பெரகராவும். அவை இந்நாட்டின் அரும்பெரும் செல்வங்கள்; அவற்றை வணங்கும் சிங்கள மக்களின் பக்தியை நாம் மதிக்கின்றோம். ஆனால் அந்தப் பெரகராவில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் செல்கின்றனவே, அந்தப் பத்தினித் தெய்வம் யார்? சிலம்பேந்திய நமது கண்ணகியே அன்றோ! கதிர்காமக் கந்தனை நாம் அறியோமா? கொடியிலுள்ள சிங்கத்தைத் தாங்கிய கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் யார்? கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் வம்சத்தவன். 1815 ஆம் ஆண்டு இந்தத் தும்பறை மலைப்பக்கத்திலே பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832 ஆம் ஆண்டு அங்கேயே மாண்டவன். இன்றும் அவனது சமாதி வேலூரில் இருக்கின்றது.

ஆகவே, கண்டியின் படத்திலிருந்து தமிழரை வெளியேற்ற வேண்டுமானால் கண்டியின் வரலாற்றில் பாதியை வெட்ட வேண்டும். யானையையும் மேளத்தையும் காட்டிப் பத்தினியின் பெயரை விட்டுவிடும் படம், பகிர்ந்து வாழ்ந்த வரலாற்றைத் தனியுடைமையாக்கும் படம். ஒரு சிங்களக் குழந்தைக்கும் அதனால் நட்டமே. அண்டை வீட்டாரை அந்நியரென்று எண்ணி அது வளர்கின்றது.

இவ்விடத்தில் நம்மவரையும் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும். தமிழரின் சின்னம் என்று பனைமரத்தையும் யாழையும் நல்லூர்க் கோபுரத்தையும் வரைகின்றார்கள். அழகிய சின்னங்கள்தாம். ஆனால் பனை வளராத இந்த மலையில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசி, காமன்கூத்து ஆடி, தப்பு முழக்கி வாழும் மக்களின் சின்னம் அந்தப் படத்தில் எங்கே? சிங்கத்துக்கு எதிராக இன்னொரு விலங்கை வரைவதனால் நீதி வந்துவிடாது. பெரும்பான்மையின் படம் நம்மை விலக்குகின்றது என்று முறையிடுபவர், தமது படத்தில் யாரை விலக்கியிருக்கின்றோம் என்று பார்த்தல் கடன்.

பிற நாடுகள் செய்தவை

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. சுவிற்சர்லாந்தில் நான்கு தேசிய மொழிகள். நாணயத்தில் எந்த மொழியில் நாட்டின் பெயரைப் பொறிப்பது? ஒருவருக்கும் தாய்மொழியல்லாத இலத்தீனில் பொறித்தார்கள், ஒருவரும் தோற்கவில்லை. தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியை ஒழித்தபின், 2000 ஆம் ஆண்டு புதிய இலச்சினையை அமைத்தபோது, அந்நாட்டின் ஆதிகுடிகளுள் வழக்கொழிந்துபோன ஒரு மொழியில் தன் குறிக்கோளை எழுதிற்று. அதிகாரத்தில் உள்ளவன் மொழியை அன்று, அழிந்தவன் மொழியைத் தலையில் வைத்தார்கள். இந்தியாவின் நாணயத்தாளின் பின்புறத்தில் தமிழுட்படப் பதினைந்து மொழிகளில் தொகை எழுதப்பட்டிருக்கின்றது. நமது நாணயத்தாளிலும் தமிழ் இருக்கின்றது; அதனை நாம் மறைக்கவில்லை. 2010 ஆம் ஆண்டு ‘இலங்கை’ என்ற தமிழ்ச் சொல்லிலேயே முடியும் இணைய முகவரிக்கும் வழி பிறந்தது. வாசற்பலகை தமிழில் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளே என்ன இருக்கின்றது என்பதுதான் கேள்வி. சிங்களத்தில் பத்துப் பக்கமும் தமிழில் இரண்டு பக்கமும், அந்த இரண்டிலும் எழுத்துப் பிழையுமாக ஒரு தளம் இருந்தால், அந்தப் பிழையும் ஒரு படமே. ‘உங்களுக்கு இவ்வளவு போதும்’ என்று அது சொல்கின்றது.

கொடிக்கும் இணையப் பக்கத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கொடியை மாற்றப் பாராளுமன்றம் கூட வேண்டும். அரசியலமைப்பின் 6 ஆம் உறுப்புரையில் அது இடம்பெற்றிருக்கின்றது. இணையப் பக்கத்தின் படத்தையோ ஓர் உத்தியோகத்தர் ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, வர்த்தமானி இல்லை. ஆபத்தும் அதிலேயே இருக்கின்றது. நமக்கு வாய்ப்பும் அதிலேயே இருக்கின்றது. 2019 நவம்பரில் பதவியேற்ற ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, அரசாங்கக் காரியாலயங்களில் தமது படத்துக்குப் பதிலாக அரச இலச்சினையே இருத்தல் வேண்டும் எனப் பணித்தார். ஒரு பணிப்பினால் நாடெங்கும் படம் மாறலாம் என்றால், நீதியான கோரிக்கையினாலும் மாறலாம்.

நாம் செய்ய வேண்டியவை

கோரிக்கை யாது? ‘எங்கள் படத்தையும் போடுங்கள்’ என்று கையேந்துவதன்று. மூன்று காரியங்களைச் சொல்கின்றோம்.

முதலாவது, மொழி. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 22 ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் அரசாங்க உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதவும், தமிழில் மறுமொழி பெறவும் நமக்கு உரிமை உண்டு. ஆகவே தமிழ்ப் பக்கம் அரைகுறையாக உள்ள ஒவ்வொரு தளத்தின் பொறுப்பாளருக்கும் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். மறுமொழி வராவிட்டால், 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். எழுத நேரமில்லை என்று ஆசிரியரும் உத்தியோகத்தரும் சொல்லக்கூடாது. எழுதத் தெரியாத தொழிலாளிக்காக எழுதுவதற்கே அவர்கள் படித்தார்கள்.

இரண்டாவது, கேள்வி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையிலுள்ள நல்ல ஆயுதம். ஏன் கேட்கின்றாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு அதிகாரமில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவித்தல் வேண்டும். கேளுங்கள்: இந்தப் படங்களை எந்த விதிப்படி தெரிகின்றீர்கள்? எவ்வளவு பணம் செலவாயிற்று? படத்திலுள்ள தொழிலாளியிடம் சம்மதம் பெற்றீர்களா? தமிழ்ப் பக்கத்துக்கு எத்தனை மொழிபெயர்ப்பாளர் இருக்கின்றனர்? நூறு ஊர்களிலிருந்து இந்த நாலு கேள்விகள் போகட்டும். படம் தெரிபவர் அடுத்த முறை சற்று யோசிப்பார்.

மூன்றாவது, நமது சொந்தக் களஞ்சியம். அடுத்தவன் வரைந்த படத்தைக் குறைகூறிக்கொண்டே இருந்தால் நமது முகம் தானாக வந்துவிடாது. 1823 ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கொள்ளப்படும் நமது வரவின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, 2023 ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையைப் பிள்ளைகள் நடந்த அந்தப் படத்தை எந்த அமைச்சும் நமக்கு எடுத்துத் தரவில்லை. நாமே ஆக்கிய படம் அது. அதுபோல ஒவ்வொரு தோட்டத்திலும் பழைய பிரசாவுரிமைப் பத்திரங்களையும், கடவுச்சீட்டுகளையும், பள்ளிக்கூடப் படங்களையும், கோயில் திருவிழாப் படங்களையும், தொழிற்சங்கக் கூட்டப் படங்களையும் திரட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரையும் ஆண்டையும் தோட்டத்தையும் எழுதுங்கள். இதனை இன்றே தொடங்குங்கள். பெயர் சொல்லக்கூடிய பாட்டிமார் என்றும் இருக்கமாட்டார்கள். பின்னர் அரசாங்கத்திடம் சொல்வோம்: ‘மலையகத்தைக் காட்ட விரும்பினால் இதோ மலையகம், பெயரோடு காட்டுங்கள்.’

கமக்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழுந்துக் கூடைப் பெண்ணைப் போலவே, சேற்றில் நிற்கும் உழவனும் அரசாங்கத்தின் விருப்பமான படம். நெற்கதிர் இலச்சினையில் இருக்கின்றது. நெல் விளைவித்தவன் கடனில் இருக்கின்றான். அவன் தமிழனாயினும் ஒன்று, பன்விலச் சிங்களக் கமக்காரனாயினும் ஒன்று. படமாக்கி வணங்கிப் பங்கு கொடுக்காமல் அனுப்பும் இந்த முறையை எதிர்ப்பதில் இருவருக்கும் ஒரே நியாயம் உண்டு. சிங்களத் தோழரின் கையைப் பற்றிக்கொண்டே இதனைக் கேட்போம். கொடியிலுள்ள சிங்கத்தை இறக்குவது நமது நோக்கமன்று. அதன் பக்கத்தே நிற்கும் கோடு வெறும் சாயமாக இராமல், பெயரும் முகவரியும் வாக்கும் காணியும் உடைய மனிதராக வேண்டும் என்பதே நமது நோக்கம்.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பழி சட்டத்தில் நீங்கியது. அந்தப் பழி படத்திலும் நீங்க வேண்டும். நாளை மடுல்கெல்லவில் ஒரு குழந்தை அரசாங்கப் பக்கத்தைத் திறந்து, தன் தாயைப் பெயரோடும் நிமிர்ந்த தலையோடும் காணுமானால், ‘இது எனது நாடு’ என்று அக்குழந்தைக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த நாள் வரும்வரை எழுதுவோம், கேட்போம், திரட்டுவோம்.